நலர்போர் சாலையில் கேரவன்: பார்க்க ஒன்றுமே இல்லையாமே?

கேள்வி, 25 ஜூலை 2023

பள்ளி விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையோரமாக, அடிலெய்டிலிருந்து மேற்கே எஸ்பரன்ஸ் வரை கேரவன் இழுத்துக்கொண்டு போய் வந்ததாக எழுதியிருந்தீர்கள். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் ஒரு தடவை அந்த வழியில் காரில் போயிருக்கிறேன். செடூனாவைத் தாண்டினால் நார்ஸ்மன் வரைக்கும் 1,200 கிலோமீட்டர். புதர், புதர், பெட்ரோல் பங்க், மறுபடி புதர். அந்தச் சமவெளியின் பெயரே நலர்போர். நல்ல போர் என்று தமிழிலேயே சொல்லி வைத்திருக்கிறான். இதற்கு இரண்டு வாரமும் அவ்வளவு டீசலும் தேவையா?

25 ஜூலை, இரவு

கோபமெல்லாம் இல்லை. ஆனால் தமிழில் போர் என்றால் சலிப்பு மட்டுமா? வைக்கோற்போர் இருக்கிறது, தண்ணீருக்குப் போடுகிற போர் இருக்கிறது. இரண்டும் அந்த வழியில் உண்டு. ஸ்ட்ரீக்கி பே பக்கம் ஒரு விவசாயியின் நிலத்தில் மர்ஃபியின் வைக்கோற்போர்கள் என்று இளஞ்சிவப்புக் கருங்கற்பாறைகள் நிற்கின்றன. 150 கோடி வருடப் பழசு. தூரத்தில் போன குதிரை வண்டியிலிருந்து பார்த்த ஒருவர், ‘இந்த ஆள் எவ்வளவு வைக்கோல் சேர்த்து வைத்திருக்கிறான் பார்’ என்று வியந்தாராம், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. போர் தண்ணீருக்கு பெனாங் ஊரைப் பாருங்கள், ஊரைச் சுற்றி நிலத்தடி நீரை இறைக்கும் காற்றாலைகள். பழைய காற்றாலைகளைக் கொண்டுவந்து நிறுத்திக் காட்சியகமே வைத்திருக்கிறார்கள்.

இன்னும் வேண்டுமா? கிம்பாவில் எட்டு மீட்டர் உயரத்தில், ‘கலா’ என்கிற கிளியின் பொம்மை. செடூனாவிலிருந்து கால்கூர்லி வரைக்கும் 1,365 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கோல்ஃப் மைதானம், ஊருக்கு ஒரு குழி, பெட்ரோல் பங்குக்கு ஒரு குழி என்று 18 குழிகள். கைகூனாவுக்கும் பலடோனியாவுக்கும் நடுவில் ஒரு வளைவுகூட இல்லாமல் 146.6 கிலோமீட்டர், உலகத்திலேயே நீளமான நேர்ச்சாலை. நலர்போர் என்பதும் அந்த மண்ணின் பூர்வகுடிச் சொல், உங்கள் போர் இல்லை.

மீதியைப் பிறகு எழுதுகிறேன், நாளைக்கு வேலை.

26 ஜூலை

சென்னையிலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார், ‘கேரவன் என்றால் நடிகர்கள் ஷூட்டிங்கில் உட்கார்ந்து மேக்கப் போடுவார்களே, அதுவா? ஏசி, சோபா, கண்ணாடியைச் சுற்றி பல்பு?’

இல்லை அண்ணா. இது காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற சின்ன வீடு. ஒரு கட்டில், மூன்றடுக்குப் படுக்கை, இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு குளிர்பெட்டி, ஒரு ஆள் உள்ளே திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய அளவில் ஒரு குளியலறை. ஓடும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது, சட்டம். அதனால் போகும்போதே தோசை சுட்டுச் சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்கும் பதில் இல்லை என்பதுதான்.

கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கும் எங்கள் அம்மா அதை முதல் நாள் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: “கூண்டு வண்டி. மாடு மட்டுந்தான் இல்ல.” பங்காளிகள் எல்லாம் சேர்ந்து குலசாமி கோயிலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன கதையைப் போர்ட் அகஸ்டா வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்குக் கேரவனைவிட மாட்டு வண்டிதான் பிடித்துப்போனது.

26 ஜூலை, பிறகு

முதல் குறிப்பில் இரண்டு தப்பு. நலர்போர் என்ற பெயர் பூர்வகுடிச் சொல்லே இல்லை, லத்தீன். நுல்லா ஆர்போர், மரமே இல்லை என்று அர்த்தம். காதில் விழுகிற ஓசையை நம்பி எழுதிவிட்டேன். இரண்டாவது, அந்த நேர்ச்சாலை ஆஸ்திரேலியாவில்தான் பெரிய பெயர், சவூதியில் இதைவிட நீளமானது இருக்கிறது. உலக சாதனைதான் வேண்டும் என்றால் சாலைக்கு வடக்கே அதே சமவெளியில் ஓடும் ரயில் பாதையைச் சொல்லலாம். 478 கிலோமீட்டர், வளைவே கிடையாது.

இன்னொரு வேடிக்கை, மரமே இல்லாத இடம் என்று பேர் வைத்தாலும் நெடுஞ்சாலை அந்த வெட்டவெளியின் தெற்கு ஓரத்தைத்தான் தொட்டுக்கொண்டு போகிறது. நலர்போர் ரோடுஹவுஸ் (பெட்ரோல் பங்க், சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் ஒன்றாக இருக்கிற சாலையோர இடம்) பக்கம் கொஞ்ச தூரம்தான் நிஜமாகவே மரம் இல்லை. மீதி வழியெல்லாம் மல்லீ என்கிற குட்டை யூக்கலிப்டஸ் கூடவே வருகிறது. அந்த வெட்டவெளியில் இறங்கியபோது அம்மா சொன்னார், “நம்ம கரிசக்காடு மாதிரியேதான் இருக்கு, ஒரு வேலிக்கருவைகூட இல்லையே.” அதில் வருத்தமா பொறாமையா என்று தெரியவில்லை.

28 ஜூலை

கேரவன் ஓட்டுவது கஷ்டமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஓட்டுவது கஷ்டமில்லை. ஏற்றுவதுதான் கஷ்டம்.

முதல் நாள் போர்ட் அகஸ்டா தாண்டிக் கிம்பா போகும் வழியில் 95-இல் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு ரோடு ட்ரெயின். ஒரு லாரி இரண்டு மூன்று டிரெய்லரை இழுத்துக்கொண்டு 36 மீட்டர் நீளத்தில் வரும். அது கடந்து போகும்போது காற்று முதலில் நம்மைத் தள்ளும், பிறகு உறிஞ்சும். உறிஞ்சி முடித்த அந்த நொடியில் கண்ணாடியில் பார்க்கிறேன், கேரவன் இடது பக்கம் எட்டிப் பார்க்கிறது, பிறகு வலது பக்கம், பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாக இடது. ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரி செய்யலாம் என்று கை போகும், போகக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டேஷ்போர்டில் கேரவனின் பிரேக்குக்கு மட்டும் தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினேன். நின்றது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினால் கால் நடுங்குகிறது. மனைவி ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அதிகம் பயமாக இருந்தது.

அம்மா இறங்கிச் சுற்றி வந்தார். பின்னால் போய் சாமான் பெட்டியைத் திறக்கச் சொன்னார். 20 கிலோ அரிசி, டேபிள் டாப் கிரைண்டர், இரண்டு தண்ணீர் கேன், மடக்கு நாற்காலிகள், அதற்கும் பின்னால் கம்பியில் பிள்ளைகளின் இரண்டு சைக்கிள்.

“எய்யா, பின்பாரம்லா ஏத்தி வச்சிருக்க. வண்டி எப்படிய்யா நிக்கும்?”

எங்கள் தாத்தா கோவில்பட்டி ஜின்னிங் மில்லுக்குப் பருத்திப் பொதி ஏற்றியவர். பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டுக் கழுத்தைவிட்டு மேலே எழும்பும், முன்பாரம் கூடினால் கழுத்து புண்ணாகும். அச்சுக்கு முன்னால் ஒரு கைப்பிடி கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இந்த ஊரில் இதையே டோ பால் எடை என்கிறார்கள். கொக்கியின் மேல் இறங்கும் பாரம், மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான அளவு. எங்கள் கேரவன் சாமானோடு 2,300 கிலோ, அப்படியென்றால் 230 கிலோ இறங்க வேண்டும். சாலையோரத்திலேயே எல்லாவற்றையும் இறக்கி, சைக்கிள் முதற்கொண்டு உள்ளே அச்சுக்கு மேலே தரையில் அடுக்கினோம். கிம்பாவில் கேரவன்கள் இரவு தங்கும் பார்க்கில் பக்கத்து இடத்துப் பெரியவர் ஒருவர் எடை பார்க்கும் கருவி வைத்திருந்தார், இரவல் வாங்கி வைத்துப் பார்த்தால் 225. முன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வயிற்றைக் கலக்கியது, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அதன்பிறகு போய் வருகிற வரை வால் ஆடவே இல்லை. வேகம் 90-ஐத் தாண்டவும் இல்லை.

ரிவர்ஸ் எடுப்பது வேறு வித்தை. கேரவன் இடது பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்டியரிங் வலது பக்கம். சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்தக் கேரவன் பார்க்கிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், புருஷன் பெண்டாட்டி சண்டை இலவசமாகப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் ரிவர்ஸ் மனைவிதான் எடுத்தார். மாட்டு வண்டியைப் பின்னால் தள்ள மாடே ஒத்துக்கொள்ளாது என்பது அம்மாவின் கருத்து.

29 ஜூலை

கழிவறை பற்றி ஒருவர் கேட்கிறார். கேசட் என்று பேர். பாட்டுக் கேசட் மாதிரிப் பக்கவாட்டில் இழுத்தால் வரும். அதைக் கொண்டுபோய்க் கொட்ட ஊர்களில் தனி இடம் வைத்திருக்கிறார்கள். யார் கொட்டியது என்றா கேட்கிறீர்கள்? ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவர்தான்.

30 ஜூலை

மாநில எல்லைச் சோதனை பற்றித் தெரியாமல் யாரும் கிளம்ப வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம், பச்சைக் காய்கறி, தேன், செடிகொடி எதுவும் கொண்டுபோகக் கூடாது. எல்லையில் வண்டியை நிறுத்தி உள்ளே ஏறிக் குளிர்பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். கிழக்கே பழ ஈ ஒரு ரகம், மேற்கே வேறு ரகம், ஒருவர் ஈயைக் கண்டால் இன்னொருவருக்கு ஆகாது. தேனுக்குக் காரணம் தேனீ நோய்.

எனக்கு இது தெரியும். அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன், அதுதான் பிரச்சினை. எல்லைக்கு முந்தின நாள் மதியம் நலர்போர் ரோடுஹவுஸில் வைத்துச் சொன்னேன். குளிர்பெட்டியில் ஒரு வாரத்துக் காய் இருந்தது.

“தூரப் போடச் சொல்றியா?”

அன்று சாயங்காலம் அந்த இரண்டு பர்னரில் சாம்பார், அவியல், உருளைக்கிழங்கு வறுவல், தக்காளித் தொக்கு நான்கும் நடந்தது. எலுமிச்சம்பழம் எல்லாம் பிழிந்து எலுமிச்சை சாதம். கறிவேப்பிலையை மட்டும் விட மனசில்லை, எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்துப் பொடியாக்கிவிட்டார். ஐந்து பேர் ராத்திரி முழுக்கச் சாப்பிட்டும் தீரவில்லை, பக்கத்தில் நின்ற வண்டிக்காரர்களுக்கு அவியல் போனது. அவர்கள் பதிலுக்கு என்ன தந்தார்கள் தெரியுமா? ஒரு பை ஆரஞ்சு. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள், கிழக்கே போகிறவர்களுக்குச் சோதனை செடூனாவில், அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு. ஐந்து பேரும் உட்கார்ந்து ஆரஞ்சையும் தின்று தீர்த்தோம்.

மறுநாள் அதிகாரி ஏறிப் பார்த்தார். காய் இல்லை, பழம் இல்லை, பாராட்டினார். கிளம்பலாம் என்று நினைக்கும்போது மனைவியின் இருமலுக்கு வைத்திருந்த தேன் பாட்டில் மருந்துப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. போனது.

2 ஆகஸ்ட்

திமிங்கிலத்தை விட்டுவிட்டு சாம்பார் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று மனைவி சொல்கிறார். நியாயம்தான்.

நலர்போர் ரோடுஹவுஸுக்குக் கொஞ்சம் கிழக்கே நெடுஞ்சாலையிலிருந்து தெற்கே 12 கிலோமீட்டர் இறங்கினால் ஹெட் ஆஃப் பைட். யலாட்டா பூர்வகுடி மக்களின் நிலம், சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். பாறை விளிம்பில் மரப்பலகைப் பாதை. தென்துருவப் பக்கத்திலிருந்து ரைட் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் குட்டி போட இங்கே வருகின்றன. ஏன் ரைட்? வேட்டைக்குச் சரியான திமிங்கிலம் என்பதால். மெதுவாக நீந்தும், கரையை ஒட்டி வரும், செத்தால் மூழ்காமல் மிதக்கும். அந்தப் பேரைக் கேட்டு மகள் கோபப்பட்டாள்.

நாங்கள் போன அன்று பதினொன்று எண்ணினோம். முதலில் கறுப்புப் பாறை என்று நினைத்தது மூச்சு விட்டது. மூச்சு இரண்டாகப் பிரிந்து ஆங்கில வி எழுத்து மாதிரி மேலே போகும், முதுகில் துடுப்பு கிடையாது, தலையில் வெள்ளை வெள்ளையாய்த் தடிப்புகள், அதை வைத்துத்தான் எந்தத் திமிங்கிலம் என்று அடையாளம் காண்கிறார்கள். ஒரு தாய் நேராக எங்கள் காலுக்குக் கீழே வந்து மல்லாந்து கிடந்தது, குட்டி அதன் வயிற்றின் மேல் ஏறி ஏறிச் சறுக்கியது. அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. காற்று அப்படி அடிக்கிறது, புடவைக்கு மேல் என் ஜாக்கெட், தலையில் மகனின் கம்பளித் தொப்பி. “பச்ச உடம்புக்காரி, தொந்தரவு பண்ணாம வாங்க” என்றார் கடைசியில்.

அங்கிருந்து மேற்கே போனால் பண்டா செங்குத்துப் பாறை. சமவெளி அப்படியே ஓடி வந்து, கத்தியால் நறுக்கியது மாதிரி முடிந்து, 60 மீட்டருக்கும் கீழே கடல். சுவர் இல்லை, பல இடத்தில் வேலியும் இல்லை. சுண்ணாம்புக்கல், விளிம்பு அடியில் குடைந்திருக்கும், ஓரத்துக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகள் கையை நான் விடவே இல்லை. அதனால் எனக்கு ஒரு படம்கூட இல்லை.

பெனாங் பக்கத்து மக்டோனல் ஏரி இளஞ்சிவப்பு என்று படத்தில் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலையைவிட்டு விலகிப் போனோம். மேகமூட்டம். கழுவின சாயத்தண்ணி மாதிரி இருந்தது. வெயில் இருந்தால் போங்கள்.

3 ஆகஸ்ட்

சின்னக் குறிப்பு, கடிகாரம் பற்றி. எல்லையில் 45 நிமிடம் பின்னால் திருப்ப வேண்டும், கைகூனா தாண்டி இன்னொரு 45. நடுவில் யூக்லா, மண்ட்ராபில்லா, மதுரா இவர்களுக்குச் சொந்தமாக ஒரு நேரம், அரசாங்கச் சட்டத்தில் இல்லாத நேரம். போனுக்கு இது பிடிபடாது, தானாக மாறிக்கொள்ளும் கடிகாரத்தை நம்பாமல் ரோடுஹவுஸ் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் மகன் ஒரே நாளில் இரண்டு தடவை மதியச் சாப்பாடு கேட்டதற்கு இதைத்தான் காரணம் சொன்னான்.

6 ஆகஸ்ட்

மதுரா என்றதும் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆமாம், எனக்கும் பலகையைப் பார்த்ததும் அதே துள்ளல்தான். ஆங்கிலேயர் காலத்தில் மதுரையை மதுரா என்றுதான் எழுதினார்கள், அதே எழுத்து. இறங்கிப் பார்த்தால் ஒரு ரோடுஹவுஸ், ஒரு மோட்டல், பின்னால் ஏறுகிற ஒரு மேடு, மேட்டின் மேலிருந்து கீழே பரந்து கிடக்கிற சமவெளி. மீனாட்சி இல்லை, ஜிகர்தண்டாவும் இல்லை. பெயருக்கு முடிச்சுப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் இந்தியத் தொடர்பு நிஜமாகவே இருக்கிறது. 1876-இல் இங்கே பண்ணை வைத்தவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படைக்குக் குதிரை வளர்த்தார்கள். இங்கே மேய்ந்த குதிரைகள் அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் ஓடியிருக்கின்றன. அம்மாவிடம் சொன்னேன். “இங்க தண்ணியே இல்லையேய்யா, குதிரைக்கு என்ன காட்டினாங்க?” அதுதான் சரியான கேள்வி. சுண்ணாம்புத் தரை, பெய்கிற மழை எல்லாம் கீழே இறங்கிவிடும், ஆறு என்று ஒன்று கிடையாது.

1841-இல் இந்தக் கடற்கரையை ஒட்டிப் பயணம் செய்து கடந்த எட்வர்ட் ஜான் அயரின் பெயர்தான் நெடுஞ்சாலைக்கு. கூட வந்த வெள்ளைக்காரர் பாக்ஸ்டர் வழியில் கொல்லப்பட்டார், கடைசிவரை கூட நடந்தது வைலி என்ற பூர்வகுடி இளைஞர். சாகும் தறுவாயில் எஸ்பரன்ஸ் பக்கம் ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் கண்ணில் பட்டுப் பிழைத்தார்கள். அயர் பெயரில் நெடுஞ்சாலை, ஏரி, தீபகற்பம். வைலி பெயரை நாங்கள் தேடித்தான் படித்தோம்.

யூக்லாவில் மணலுக்குள் புதைந்துகொண்டிருக்கும் தந்தி நிலையத்தை மறக்காமல் பாருங்கள். 1877-இல் திறந்தது. அப்போது தெற்கு ஆஸ்திரேலியாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் தனித்தனிக் காலனி, தந்திச் சங்கேதமும் ஆளுக்கு ஒன்று. ஒரு பக்க ஆள் செய்தியைக் கேட்டு எழுதி மறுபக்கத்து ஆளிடம் தருவார், அவர் தங்கள் சங்கேதத்தில் திரும்ப அடிப்பார். ஒரே அறைக்குள் எல்லை! 1927-இல் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே முயல்கள் வந்து மணலைப் பிடித்து வைத்திருந்த செடியை எல்லாம் தின்றுவிட்டதால் மணல் நகர ஆரம்பித்திருந்தது. இப்போது சுவர் பாதி, மணல் பாதி.

அதே யூக்லாவில் 1971-இல் கங்காருக்களோடு ஒரு பெண் சுற்றுகிறாள் என்று கிளப்பிவிட்டு உலகப் பத்திரிகைகளை எல்லாம் ஏமாற்றியிருக்கிறார்கள். பொழுது போகாத ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அன்று இரவு வெளியே நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். நம்மூரில் தெற்கே சாய்ந்து கிடக்கிற விருச்சிக நட்சத்திரத் தேள், இங்கே உச்சந்தலைக்கு மேல் வாலைச் சுருட்டி நின்றது. அம்மா கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

7 ஆகஸ்ட்

நேர்ச்சாலையில் தூக்கம் வராதா என்ற கேள்விக்கு: எனக்கு வரவில்லை, காரணம் இட்லி மாவு.

ஜூலைக் குளிரில் கேரவனுக்குள் மாவு புளிக்கவே இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா சட்டியைக் காரில் முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்து, மனைவி ஒரு கையால் பிடித்துக்கொண்டார். கைகூனாவில் கிளம்பும்போது பாதிச் சட்டி. வளைவே இல்லாத சாலையில் மாவு ஆடாது பாருங்கள், அது பாட்டுக்குப் பொங்கியது. அறுபதாவது கிலோமீட்டரில் மூடி எழும்பியது. வாசனை வந்துவிட்டது.

வழியில் ஓரிடத்தில் சாலை திடீரென்று அகலமாகி, விமான ஓடுதளத்துக்குப் போடுகிற வெள்ளைக் கோடுகள் வருகின்றன. பறக்கும் மருத்துவர் சேவை விமானம் அவசரத்துக்கு நெடுஞ்சாலையிலேயே இறங்க. மகன் தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். எதிரே வருகிற ஒவ்வொரு ஓட்டுநரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைப்பார், நாமும் வைக்க வேண்டும், 146 கிலோமீட்டரில் மகள் 71 விரல் எண்ணினாள். லாரிக்காரர்கள் பேசுவது யூஎச்எஃப் ரேடியோவில் 40-ஆம் சேனல். முந்தப் போகிறேன் என்பார்கள், சரி என்று சொல்லிவிட்டு அவர்கள் பக்கத்தில் வந்ததும் காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

146 கிலோமீட்டரும் சிந்தாத மாவு, பலடோனியா பங்கில் நுழையும்போது ஒரு சின்ன மேட்டில் கவிழ்ந்தது.

இதே பலடோனியாவைச் சுற்றித்தான் 1979 ஜூலையில் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் துண்டு துண்டாக விழுந்தது. குப்பை போட்டதற்கு நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது எஸ்பரன்ஸ் ஊராட்சி, வேடிக்கைக்குத்தான். முப்பது வருடம் கழித்து ஒரு அமெரிக்க வானொலிக்காரர் நேயர்களிடம் வசூலித்துக் கட்டினார். ரோடுஹவுஸில் உள்ள சின்ன அருங்காட்சியகத்தில் அந்தக் கதையைப் படித்துக்கொண்டே நான் காகிதத் துண்டு வாங்கிக் காரைத் துடைத்தேன்.

12 ஆகஸ்ட்

முதலில் கேட்டவருக்கு ஒரு விஷயம் சொல்லாமல் மறைத்துவிட்டேன். இரண்டு வாரமாக மனதை அரிக்கிறது.

போகும்போது எட்டு நாள். திரும்பும்போது பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கிறது, நான்கு நாளில் வந்தோம். அதே சாலை, அதே வண்டி, அதே ஐந்து பேர். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. புதர், புதர், பெட்ரோல் பங்க், மறுபடி புதர். நீங்கள் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. திமிங்கிலம் அங்கேதான் இருந்தது, பலகையைப் பார்த்துவிட்டு நேரமில்லை என்று தாண்டி வந்தோம். தந்தி நிலையம், தாண்டி வந்தோம். பிள்ளைகள் போனில் இருந்தார்கள், அம்மா தூங்கினார். விரலைத் தூக்கியவருக்குப் பதில் விரல் தூக்கினேனா என்பதுகூட நினைவில்லை.

நீங்கள் எத்தனை நாளில் போனீர்கள்? இரண்டரை நாள் என்றால் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

13 ஆகஸ்ட்

வாடகை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்பவர்களுக்குப் பெயர் சொல்ல மாட்டேன், இன்னும் கணக்கு முடியவில்லை. மூன்றாம் நாளே தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது, மீதிப் பயணம் முழுக்கக் கேனில் சாய்த்துப் பாத்திரம் கழுவினோம். திருப்பிக் கொடுத்தபோது வெளிப் பந்தலின் கயிறு ஒன்று குறைகிறது என்று எங்களிடமே பணம் பிடித்தார்கள். எடுக்கும்போது ஒவ்வொரு குழாயையும் திறந்து பாருங்கள், கயிற்றைக்கூட எண்ணிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் போனதில் ஒரு லாபம். அம்மா கையில் தண்ணீர்ப் பொறுப்பு போனது. கோவில்பட்டியில் குடம் கணக்கில் வளர்ந்தவர். ஐந்து பேருக்கு 160 லிட்டரை நான்கு நாள் ஓட்டினார். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம், அந்தத் தண்ணீரில் கால். ரோடுஹவுஸ்களில் குடிதண்ணீர் நிரப்பித் தர மாட்டார்கள், குளிக்கவும் காசு போட வேண்டும், அதனால் இது விளையாட்டு இல்லை.

20 ஆகஸ்ட்

செலவு: மொத்தம் 4,600 கிலோமீட்டர், ஏறத்தாழ 830 லிட்டர் டீசல். தனியாக ஓட்டினால் நூறு கிலோமீட்டருக்குப் பத்தரை குடிக்கிற கார், கேரவனோடு 18. எதிர்காற்றில் 21 வரை போனது. இரண்டு பங்குக்கு நடுவில் அதிகபட்ச இடைவெளி ஏறத்தாழ 190 கிலோமீட்டர்தான், டாங்க் காலியாகும் என்ற பயம் வேண்டாம். விலையைப் பார்த்து மயக்கம் வரும், அது வேறு. சாயங்காலம் நாலரைக்கு மேல் ஓட்டாதீர்கள், கங்காரு இறங்கும். செத்த கங்காருவைக் கொத்திக்கொண்டிருக்கும் கழுகு பறக்க நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்கும் வேகத்தைக் குறையுங்கள்.

3 செப்டம்பர்

முதலில் கேட்டவர் தனியாக எழுதியிருக்கிறார். மூன்று நாளில் போனாராம். இப்போது அக்டோபர் விடுமுறைக்குக் கேரவன் பதிவு செய்துவிட்டாராம், மாமனார் மாமியாரும் வருகிறார்களாம். நல்லது. அக்டோபரில் திமிங்கிலங்கள் குட்டிகளோடு தெற்கே திரும்பிக்கொண்டிருக்கும், ஹெட் ஆஃப் பைட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு இறங்குங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், மேற்கே போகாது, எல்லைக் கணக்கு இன்னும் குழம்பும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவுச் சட்டியை எங்கே வைப்பது என்று உங்கள் மாமியார் கேட்டாராம். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். கேரவனில், அச்சுக்கு நேர் மேலே, தரையில், சுற்றிலும் அரிசிப் பை அண்டை கொடுத்து, முக்கால் சட்டிக்கு மேல் ஊற்றாமல்.